அலை இல்லாத தண்ணீர்ப் பூங்கா

1. வாசலில் நின்றவர்கள்

கொழும்புப் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காவின் வாசலில், காவலுக்கு நின்ற பெண் ஒரு பருத்திப் பாவாடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இதோடு தண்ணீரில் இறங்க முடியாது என்று சிங்களத்தில் சொன்னாள். நாங்கள் கிளிநொச்சியில் இருந்து விடிய முதலே வாடகை வானில் புறப்பட்டு வந்திருந்தோம். எங்கள் பெண்கள் கிணற்றடியில் குளிப்பதைப் போலவே பாவாடையை மார்புக்கு மேலே குறுக்குக்கட்டாகக் கட்டிக் குளிக்கலாம் என்று ஆளுக்கொரு பாவாடை கொண்டு வந்திருந்தார்கள். அங்கே நைலோன் நீச்சல் உடுப்புத்தான் போடலாம், வாடகைக்குத் தருவோம் என்றார்கள்.

"உந்த உடுப்பைப் போடுறதுக்குப் பதிலா நான் குளிக்காமலே இருந்திடுவன்" என்றார் ஓர் அம்மா.

ஆண்களும் பிள்ளைகளும் பொழுதுபடும்வரை குளித்தார்கள். பெண்கள் சீமெந்து வாங்கில் குந்தியிருந்து செருப்புகளுக்குக் காவல் காத்தார்கள். திரும்பி வரும்போது நனையாத பாவாடைகள் மடித்தபடியே அவர்கள் மடியில் கிடந்தன.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் வடக்குக்குப் பாதை திறந்த பிறகு, வவுனியாவில் முதலாளி றஹீம் நானாவின் வாடகை வான் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தொலைபேசி எடுப்பது, பயணம் ஒழுங்கு செய்வது, பெண்கள் கூடுதலாகப் போனால் துணைக்குப் போவது, இவைதான் என் வேலை. மறுநாள் நானா என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, இனி ஆக்களை ஏத்த முந்தி எல்லாத்தையும் கேட்டு வை. உடுப்பு, சாப்பாடு, கக்கூஸ், எல்லாம்."

அன்றிலிருந்து தண்ணீர்ப் பூங்காக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்வதும் என் தலையில் விழுந்தது.

2. மூன்று இடங்கள்

சுனாமிக்கு அடுத்த ஆகஸ்டில் முல்லைத்தீவில் இருந்து யோகம்மா அக்கா எங்கள் கடைக்கு வந்தார். கடல் அவருடைய கணவரையும் வீட்டையும் கொண்டுபோயிருந்தது. மிச்சம் இருந்தது மகள் தர்சினி மட்டும். சுவிசில் இருந்து அவருடைய தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லோருமாக ஒரு நாள் எங்காவது போய்க் குளிக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை.

"தங்கச்சி, சில இடங்களில அலை அடிக்கிற குளமும் இருக்காம். அது இல்லாத இடமாப் பாருங்கோ. பிள்ளை பயப்பிடுவாள்" என்றார் அக்கா.

தம்பி இடையில் புகுந்தார். "அக்கா, அது மிசின் அலை. ஒண்டும் செய்யாது. என்ர பிள்ளையள் அதுக்கெண்டுதான் துள்ளிக்கொண்டு நிக்குதுகள்."

"ஓம் தம்பி, எனக்குத் தெரியும். பிள்ளைக்காகத்தான் சொல்லுறன்."

அரைகுறைச் சிங்களத்தில் மூன்று இடங்களுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினேன். கொழும்புப் பக்கத்து இடத்தில், இலங்கையிலேயே பெரிய அலை எங்களுடையதுதான் என்று பெருமையாகச் சொன்னார்கள். நீர்கொழும்பில் ஒரு விடுதியில் அலை இல்லை. ஆனால் நீச்சல் தடாகத்து மதிலுக்கு அப்பால் கடல். குருநாகல் வீதியில் இருந்தது சின்ன இடம். இரண்டு சறுக்கு, ஒரு தடாகம். ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கலாம், சோற்றுப் பார்சலும் கொண்டு போகலாம். அலை போட இன்னும் வசதி வரவில்லை, குறை நினைக்க வேண்டாம் என்று அங்கிருந்தவர் மன்னிப்புக் கேட்டார். அந்தக் குறைக்காகவே நான் அதைத் தெரிந்தெடுத்தேன்.

"குளிக்கிற இடத்தையா கேக்கிறாய், மாப்பிள்ளையையா விசாரிக்கிறாய்?" என்று நானா சிரித்தார்.

தம்பிக்குத்தான் முகம் நீண்டுபோனது. "இவ்வளவு தூரம் வந்து ஒரு தொட்டியில குளிக்கிறதோ?" என்றார். ஆனாலும் அக்காவின் சொல்லை அவர் தட்டவில்லை.

3. தடாகத்துப் படி

போய் இறங்கியதும் தர்சினி, மாமாவின் பிள்ளைகளான மச்சாள் மச்சானோடு நேரே சறுக்கில் ஏறிவிட்டாள். கூச்சல் போட்டுக்கொண்டு தண்ணீரில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் ஓடினாள். பயத்தின் சாயலே அவளிடம் இல்லை.

யோகம்மா அக்கா புது ரீசேட்டோடு தடாகத்தின் படியடியில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிள்ளைகள் விழும்போதெல்லாம் தண்ணீர் எழும்பி ஓரத்தில் அடிக்கும். அவர் பின்னால் போவார். பிறகு வந்து திரும்பவும் கம்பியைப் பிடிப்பார். நான் மூன்று இடங்களில் விசாரித்தது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அக்கா, என்னோட இறங்குங்கோவன்" என்றேன்.

"பிள்ளையைப் பாத்துக்கொண்டு நிக்கிறன் தங்கச்சி. நீங்கள் போங்கோ."

தர்சினி ஓரத்துக்கு வந்தாள். "அம்மா, வாங்கோ. நாலு பக்கமும் சுவர் இருக்கு. இந்தத் தண்ணி எங்கயும் வராது."

அதைக் கேட்ட தம்பி தமக்கையை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். சறுக்கில் நின்ற தன் பிள்ளைகளை இறங்கச் சொன்னார். "ஒருத்தரும் ஆடப்படாது. தண்ணி அடங்கட்டும்" என்றார். எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றார்கள். தடாகம் மெல்ல மெல்ல அடங்கியது. அடியில் பதித்திருந்த நீலக் கற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. அக்கா கம்பியை விடாமல் ஒரு படி இறங்கினார், பிறகு இன்னொன்று. முழங்கால் நனைந்ததும் அப்படியே நின்று அழுதார். தம்பி போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

4. அடுத்த முறை

திரும்பி வந்து, முல்லைத்தீவுக்குப் பிரியும் புளியங்குளம் சந்தியில் இறங்கும்போது அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அடுத்த முறை அந்த அலை அடிக்கிற இடத்துக்கே போவம். கேட்டு வையுங்கோ."

நானும் கேட்டு வைத்தேன். அலை எத்தனை மணிக்குப் போடுவார்கள், எவ்வளவு உயரம், கரையில் நிற்க இடம் உண்டா, எல்லாம். ஆனால் அடுத்த ஆகஸ்டில் போர் திரும்பவும் மூண்டு பாதை மூடப்பட்டது. பிறகு முல்லைத்தீவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். யோகம்மா அக்காவைப் பற்றியோ தர்சினியைப் பற்றியோ எனக்கு இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

அதற்குப் பிறகு வேறு கடைகளிலும் இதே வேலையைச் செய்தேன். வாடிக்கையாளர் யாராவது "அடுத்த முறை பாப்பம்" என்றால், "இந்த முறையே போக ஏலாதோ?" என்று கேட்டுவிடுவேன். வியாபாரம் பிடிக்கத் துடிக்கிறாள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.