மஞ்சள் கோடு போட்ட ஸ்பிரிங்

பட்டறையில் அவளுக்கு அளவுக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. காரைத் தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்த வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் டேப்போடு குனிந்துவிடுவாள். பின்சீட்டில் எத்தனை பேர் உட்காருவார்கள், டிக்கியில் என்ன ஏற்றுவீர்கள், வீட்டு வாசலில் சரிவு உண்டா என்று துருவித் துருவிக் கேட்பாள். ஸ்பிரிங் குட்டையானால் அதன் துள்ளலை அடக்கும் ஷாக்கும் குட்டையாக வேண்டும், இறுக்கமான ஸ்பிரிங்கை அடக்க அதற்கு ஈடான ஷாக் வேண்டும் என்பதில் அவளிடம் பேரம் கிடையாது. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறக்கச் சொன்னால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். தேர்வு அவளுடையது, மாட்டுவது புருஷன் வேலை. பதினோரு வருஷமாக இப்படித்தான்.

அன்று காலை அவள் தம்பி, புதிதாக வாங்கிய பழைய காரோடு வந்தான். ஏற்கெனவே தாழ்த்தின கார். பின்சீட்டிலிருந்து அவன் மனைவி, ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். மேடு ஏறினால் டங்கென்று இடிக்கிறது, ஷாக்கை மட்டும் மாற்றினால் போதும் என்றான் தம்பி. ஸ்பிரிங்கைப் பார்க்காமல் ஷாக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டபடியே அவள் காரை லிஃப்டில் ஏற்றினாள்.

சக்கரங்கள் தொங்கியதும் பின்பக்க ஸ்பிரிங் ஒன்று தான் பொருந்தி நிற்கும் கிண்ணத்தை விட்டு நழுவிச் சாய்ந்தது. தொட்டாள், ஆடுகிற பல் மாதிரி ஆடியது. ஒரே கையால் உருவி எடுத்துவிட்டாள். காரை இன்னும் இறக்க யாரோ அடியில் ஒன்றரைச் சுற்றை வெட்டியிருந்தார்கள். கிரைண்டர் பட்ட முனை கத்திபோல இருந்தது. எந்தப் பாவி செய்த வேலை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே துணியால் சேற்றைத் துடைத்தாள்.

சேற்றுக்கடியில் மஞ்சள் கோடு. அதன் பக்கத்தில் எடையும் உயரமுமாக இரண்டு எண்கள். அவள் விற்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் அவள் கையாலேயே எழுதுகிற எண்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரிக் காரோடு வந்த ஒரு போட்டோக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். இன்னும் இறக்குங்கள் என்று அடம்பிடித்தவர், அவள் முடியாது என்றதும் சட்டென்று அடங்கிப்போனார். ஒப்புக்கொண்டார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அடுத்த காருக்கடியிலிருந்து எழுந்த புருஷன், அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"நான்தான் வெட்டினேன். நீ சாப்பிடப் போயிருந்தே. அவர் நகரவே மாட்டேன்னு நின்னார். ஒரு சுத்துதானேன்னு..."

"ஒன்றரை," என்றாள். "இது ஒண்ணுதானா?"

அவன் நகத்தைப் பார்த்தான். "அஞ்சு கார்."

தம்பி மனைவி வயிற்றைப் பிடித்தபடி ஓரடி முன்னால் வந்தாள்.

"அண்ணி, நேத்து பாலத்து மேல எண்பதுல வந்தோம்."

அளவுக்காரி அலமாரியைத் திறந்து, அந்தக் காரின் எடைக்கேற்ற ஸ்பிரிங்குகளையும் அவற்றுக்கு ஜோடியான குட்டை ஷாக்குகளையும் எடுத்து வைத்தாள். புருஷன் மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஒரு மணி நேர வேலைக்கு அவனுக்கு மூன்று மணி நேரம் ஆனது.

மறுநாள் மற்ற நான்கு பேரையும் அவனையே கூப்பிட வைத்தாள். நாங்கள் செய்த வேலை தப்பு, காரை எடுக்காதீர்கள், நாங்களே வந்து மாற்றித் தருகிறோம் என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றாள். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர் திட்டித் தீர்த்துவிட்டு வரச் சொன்னார். நான்காவது ஆள் காரை எப்போதோ விற்றிருந்தார். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பதைத்தான் புருஷன் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டு கை மாறிப்போன அந்தக் காரைக் கண்டுபிடிக்க ஆறு வாரம் பிடித்தது. அது ஒரு நர்ஸிடம் இருந்தது. இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். வந்த விஷயத்தைப் புருஷன் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

"அந்த ஸ்பிரிங்கெல்லாம் போன வருஷமே மாத்தியாச்சு," என்றார் நர்ஸ். "ஒரு திருப்பத்துல பின்பக்கம் தூக்கிப் போட்டுச்சு. சுவத்துல மோதி நின்னேன். ரோடு ஈரம், என் தப்புன்னுதான் இவ்வளவு நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

புருஷன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அடிபட்டதா என்று அவன்தான் கேட்டான்.

நர்ஸ் இடது கையைத் தூக்கிக் காட்டினார். தோளுக்கு மேல் அது எழும்பவில்லை.