விஜயதசமிக்குத் தொடங்க வேண்டிய விமானம்

பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய அறை இருக்கிறது. அதில் ஒரு விமானம் செய்யத் தேவையான எல்லாமே உண்டு. விமானம்தான் கிடையாது.

நான் ஐந்தாவது படித்தபோது அது இரண்டு அறைகளாக இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பசங்கள் வாடகைக்கு இருந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் முடித்து வந்ததும் கிண்ணத்தோடு அம்மாவிடம் குழம்பு கேட்டு நிற்பார்கள். அம்மா திட்டிக்கொண்டே ஊற்றுவாள். அவர்கள் ஊர்க்கதை, கல்யாணக் கதை எல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பாவோடு பேசி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு கார் கம்பெனியில் பாடி ஷாப்பில் வேலை. காலம் பூராவும் தகட்டோடு தகடாகக் கிடந்தவர் ஒருநாள், இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றை வீட்டிலேயே செய்யப்போவதாக அறிவித்தார். வெளிநாட்டில் ஆட்கள் கார் ஷெட்டிலேயே செய்து ஓட்டுகிறார்களாம். வரைபடம்கூட வந்துவிட்டது. பசங்களைக் காலி செய்யச் சொன்னார். போகும்போது அவர்களில் ஒருவன், “பிளேன் ரெடியானா எங்கள ஊர்ல எறக்கி விட்ருங்கண்ணே” என்றான். எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் உள்ளே போய்விட்டாள்.

நடுச்சுவர் போனது. இரும்புக் கால் வைத்த நீள மேசை வந்தது. ரசமட்டம் வைத்து அதை அவர் சமன் செய்த நாட்களில் வீட்டில் யாரும் தும்மக்கூட முடியாது. பிறகு கம்ப்ரசர், தகடுகளை இணைக்க ரிவெட் ஆணி அடிக்கும் துப்பாக்கி, டிரில், தகடு வெட்டும் கத்தரி. கம்பெனியில் இருப்பதுபோலவே சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் மஞ்சள் பெயிண்டில் வரைந்து, அதன்மேல் ஆணி அடித்தார். உப்புத்தாளுக்குக்கூட ஒரு சதுரம் உண்டு. எடுத்தது எடுத்த இடத்துக்கே போகவேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏரோப்ளேன்காரர் பொண்ணு என்றே பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எப்போது தொடங்குவீர்கள் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் இன்னும் ஒரே ஒரு சாமான் வரவேண்டியிருக்கும். டிரில் நேராக இறங்கவில்லை என்று அதற்கு ஸ்டாண்டு. கம்ப்ரசர் காற்றில் ஈரம் வருகிறது என்று அதற்கு ஃபில்டர். அதற்கப்புறம் வெளிச்சம் போதவில்லை. இப்படியே போய், கடைசியில் வாங்குவதற்கு எதுவும் பாக்கி இல்லாமல் போயிற்று. கேண்டீனில் வேறு, ரெக்கை முளைத்ததா என்று கேட்டுக் கிண்டல். ஆயுத பூஜை போட்டு, மறுநாள் விஜயதசமி காலையில் முதல் ரிவெட் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

அதுவரை அந்த அறைக்குள் கால் வைக்காத அம்மா, பூஜையன்று தலைக்குக் குளித்துவிட்டு சந்தனம், குங்குமத் தட்டோடு வந்தாள். கம்ப்ரசருக்கு, டிரில்லுக்கு, துப்பாக்கிக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே போனாள். மேசைமேல் விமானத்தின் வாலுக்கான முதல் தகடு பளபளவென்று கிடந்தது. அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு. “நல்லபடியா பறக்கட்டும்” என்றாள். பக்கத்திலேயே நின்ற அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் கதவைச் சாத்திவிட்டோம். இரவெல்லாம் மழை.

காலையில் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரிவெட் அடிக்கும்போது தகட்டுக்குப் பின்னால் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு ஒருவர், வேடிக்கைக்கு ஒருவர். அப்பா பொட்டைத் துடைத்தார். குங்குமத்தில் இருந்த சுண்ணாம்பு ஈரத்தோடு வேலையைக் காட்டியிருந்தது. காலணா அளவுக்கு ஒரு மங்கல் கறை. அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

“இவ கெடுத்துட்டா. இதுல இனிமே இன்னாத்த பண்றது?”

வந்தவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். விமானத் தகட்டில் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது என்று அவர்களுக்கு அப்பா நீளமாக விளக்கினார். பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு அவர்கள் போனார்கள்.

அத்தோடு சரி. அப்புறம் அங்கே ஒரு ரிவெட் அடிக்கப்படவில்லை. அறையை வாடகைக்கும் விடவில்லை. யார் வந்தாலும் அப்பா கதவைத் திறந்து காட்டி, அன்றைக்கு இவள் மட்டும் குங்குமம் வைக்காமல் இருந்திருந்தால் என்பார். அம்மா அவர்களுக்குக் காபி கொடுப்பாள். இன்றும் அப்படித்தான்.

நான் இப்போது ஒரகடத்தில் அலுமினிய பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். அந்த மாதிரிக் கறைக்கு நாங்கள் சூப்பர்வைசரைக்கூடக் கூப்பிடுவதில்லை. மெல்லிய உப்புத்தாளால் நாலு இழுப்பு, போய்விடும். அந்தத் தகடே ஆகாது என்றாலும் மேசைக்கு அடியில் ஒரு கட்டுத் தகடு பிரிக்காமல் கிடந்தது. பாடி ஷாப்பில் கிடந்த மனிதருக்கு இது தெரியாதா? பாவி மனிதர்.

அம்மாவுக்கே தெரிந்திருந்தது. அன்று எல்லாரும் போன பிறகு பலகையிலிருந்து உப்புத்தாளை எடுத்து வந்து தகட்டின்மேல் வைத்தாள்.

“குண்டான்ல இருக்கிற சுண்ணாம்புக் கறையே தேச்சா போயிடுது. இது போவாதா?”

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போய் அதன் மஞ்சள் சதுரத்தில், அதன் ஆணியிலேயே மாட்டினார்.

எவ்வளவு கோபத்திலும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறாரே என்று வாசலில் நின்ற எனக்கு அப்பாவை நினைத்து அன்று அத்தனை பெருமை.