குழாய்ச் சின்னமும் பூட்டிய மைதானமும்

சட்டைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகக் காலர் தைப்பவள் அவள். கழிப்பறைக்குப் போய்வர நிர்வாகம் நிமிடக் கணக்கு வைத்தபோது, தொழிலாளிகளோடு வாசலில் வந்து உட்கார்ந்தது ஒரே ஒரு கட்சிதான். போன தேர்தலில் முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கு வாங்கிய கட்சி. சின்னம், தண்ணீர்க் குழாய். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் குழாய்ச் சின்னப் பேட்ஜைக் குத்திக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்பிவிடுவாள். கிரிக்கெட் சீசன் தொடங்கிய பிறகு இடது காதில் இயர்போனும் ஏறிக்கொண்டது. இடது காது வர்ணனைக்கு, வலது காது வாக்காளருக்கு.

கூட வருபவர் ஓய்வு பெற்ற தபால்காரர். கிரிக்கெட் என்றால் அவருக்கு வேப்பங்காய்.

“ஜனங்களை மயக்குற வித்தை தோழர் இது. ஊரே வாயைப் பொளந்து பார்க்குது.”

“நீங்க மேடையில பேசும்போதும்தான் ஊர் வாயைப் பொளக்குது தோழர். கொட்டாவி விட.”

ஓவரின் நடுவில் கதவைத் தட்டினால் திட்டுதான் விழும். ஓவர் முடிந்து விளம்பரம் வந்ததும் தட்டுவாள். “பயப்படாதீங்க, இன்னும் நாப்பது செகண்ட் இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் குழாய்க்கு வருவாள். ஜனங்கள் சிரித்தபடி துண்டறிக்கையை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலை தெருமுனையில், மறுபடியும் போட்டியிடும் வார்டு கவுன்சிலர் வழிமறித்தார். மறுநாள் காலை அவளுடைய மகளுக்கு முதல் லீக் ஆட்டம். அந்த நகரத்தில் பெண்களுக்கென்று லீக் நடப்பதே இந்த சீசனில்தான். நகராட்சி மைதானத்துக்கு அனுமதிக் கடிதம் பெண்களிடம் இருந்தது. சாவி கவுன்சிலரிடம் இருந்தது.

“என்னக்கா, குழாயில காத்துதானே வருது? எதுக்கு வீணா அலையுறீங்க? நாளைக்கு அந்த பேட்ஜைக் கழட்டிட்டு வாங்க. சாவி தானா வரும்.”

“மைதானம் நகராட்சியோடது.”

“நகராட்சி யாரோடது?” என்று கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. அவள் கட்டிய வரியில் வளர்ந்த புல், அவள் கட்டிய வரியில் வாங்கிய பூட்டு. அதைத் திறக்க அவளே கைகட்டி நிற்க வேண்டுமாம். பிச்சை போடுகிறவன்கூடத் தன் காசைத்தான் போடுகிறான்.

வீட்டில் மகள் பழைய பல்துலக்கியால் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“கழட்டிடேம்மா. கொஞ்ச நேரம்தானே?”

“அது முறையில்லைடி.”

“உன் கட்சி எத்தனை ஓட்டு வாங்கும்? முந்நூறா? அதுக்கு நாங்க பன்னெண்டு பேரும் வீட்டுல உட்காரணுமா?”

மகள் கேட்டதில் தப்பில்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. எவனோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவான். தாயும் மகளும் ஒரே அறையில் முகம் திருப்பிப் படுக்க வேண்டும்.

காலையில் பேட்ஜோடுதான் போனாள். கேட் பூட்டியிருந்தது. இரண்டு அணிப் பெண்களும் பையைத் தூக்கிக்கொண்டு சாலையில் நின்றார்கள். மகள் பேட்ஜைப் பார்த்தாள். ஓரத்தில் கிடந்த மூன்று செங்கல்லை எடுத்து நடுச்சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஓடிவரும் தூரத்தை அடி அளந்தாள். பந்தை வீசினாள்.

இரண்டு பந்து போவதற்குள் கவுன்சிலரின் பிரசார ஜீப் ஒலிபெருக்கியோடு வந்து ஹாரன் அடித்தது.

“ஓவர் முடியட்டும்ணே. இன்னும் நாலு பந்து இருக்கு,” என்றாள் மகள்.

ஜீப்புக்குப் பின்னால் ஒரு பேருந்து, அதன் பின்னால் இரண்டு லாரி. பேருந்திலிருந்து இறங்கியவர்கள் பந்து பொறுக்கிப்போடத் தொடங்கிவிட்டார்கள். ஓவர் முடிந்ததும் இன்னொருத்தி பந்தை வாங்கிக்கொண்டாள். நகர வழியில்லாமல் ஜீப் ஓட்டுநர் போன் போட்டான். மூன்றாவது ஓவரில் கவுன்சிலரின் ஆள் வியர்க்க விறுவிறுக்கச் சாவியோடு ஓடிவந்தான். கேட் திறந்தது.

ஆட்டம் தொடங்கும் வேளை. எல்லைக் கோட்டருகே அவள் இடம்பிடித்து நின்றபோது, வெளியே ஒலிபெருக்கி அலறியது:

“நம் வீட்டுப் பெண்கள் கிரிக்கெட் ஆட மைதானம் தந்த கவுன்சிலர் அண்ணனுக்கு நன்றி! நன்றி!”

அவ்வளவுதான். சாலைக்கு ஓடிவந்து ஜீப்பின் பானெட்டில் ஓங்கி அறைந்தாள்.

“தந்தாரா? பூட்டுனது யாரு? அதையும் மைக்குல சொல்லு!”

“அதான் திறந்தாச்சே, விடுங்கக்கா,” என்றான் ஓட்டுநர்.

“திருடுனவன் திருப்பிக் குடுத்தா மாலை போடணுமாடா?”

முதுகுக்குப் பின்னால் பெருங்கூச்சல் எழுந்தது. திரும்பினாள். ஸ்டம்பு சாய்ந்து கிடந்தது. அணிப் பெண்கள் எல்லோரும் மகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் பந்து.

கேட்டருகே நின்ற தபால்காரரிடம் ஓடினாள். “எப்படித் தோழர் விழுந்துச்சு? பந்து உள்ள திரும்புச்சா, வெளிய போச்சா?”

அவர் விழித்தார். “குச்சி விழுந்துச்சு தோழர்.”

அந்த ஒரு பந்தையும் அவளிடமிருந்து பறித்துக்கொண்டு, நன்றி சொல்லியபடியே ஜீப் அடுத்த தெருவுக்குள் நுழைந்தது.