மார்ச் முப்பத்தொன்று, பொழுது சாய்வதற்குள்

ரீஸ் லொரெய்னுக்கு ஐந்நூற்று நாற்பது பவுண்டு பாக்கி வைத்திருந்தான். அவன் மகளைப் பார்த்துக்கொண்டதற்கான மூன்று வாரக் கூலி. அந்த மகள் மேபலுக்குத்தான் லொரெய்ன் மசித்த கேரட்டை ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை துப்ப, கரண்டியால் வழித்து அதே வாய்க்குள் மறுபடியும் வைத்தாள். "நீயாவது வாங்குனத உடனே திருப்பித் தர்ற. உங்கப்பனுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு, கண்ணு."

எங்கள் ஹாலிஃபாக்ஸில் குழந்தை பார்க்கிறவர்கள் பலர் உண்டு. என் பக்கத்து வீட்டு லொரெய்ன் மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. மீன் பிடிக்கப் போகிறவர்கள் போடும், பத்துப் பதினைந்து பை வைத்த அரைச்சட்டைதான் அவள் வேலை உடுப்பு. ஒரு பையில் ஈரத்துணி, ஒன்றில் சூப்பான், இன்னொன்றில் யாரோ பாதி கடித்த பிஸ்கட். எந்தப் பையில் எது என்று பார்க்காமலே எடுப்பாள். மூன்று குழந்தைகள்தான் வைத்துக்கொள்வாள். அதில் ஒரு வயதுக்குக் கீழே ஒன்றே ஒன்று. சட்டம் அப்படி.

"இலவசம்" என்ற சொல் அவள் வீட்டுக்குள் நுழையக் கூடாது. புதிதாக வரும் தாய் தகப்பன் அதைச் சொன்னால் உட்காரவைத்துவிடுவாள். "வாரத்துக்கு முப்பது மணி நேரம், வருஷத்துல முப்பத்தெட்டு வாரம், கவர்ன்மெண்டு காசு குடுக்குது. மிச்ச வாரம் உங்க காசு. சாப்பாடு, டயப்பர் உங்க காசு. ரெண்டு பேரும் வேலைக்குப் போகணும். இதுல எது இலவசம், நீங்களே சொல்லுங்க."

இந்த மணி நேரம் வேண்டுமென்றால் வரி ஆபீசுக்கு இணையத்தில் விண்ணப்பம் போட்டு, பதினோரு இலக்க எண் ஒன்று வாங்க வேண்டும். அந்த எண் இருந்தால்தான் கவுன்சில் லொரெய்னுக்குப் பணம் போடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இன்னும் வேலையில்தான் இருக்கிறோம் என்று உறுதியும் சொல்ல வேண்டும். அந்த வாரம் வந்துவிட்டால் லொரெய்ன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள். போன் திரையைக் காட்டாமல் ஒருவரும் தெருவுக்கு இறங்க முடியாது.

ரீஸ் ஜன்னல் துடைக்கும் தொழிலை என்னிடமிருந்துதான் வாங்கினான். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏணியைத் தோளில் வைத்தவன் நான். இந்த ஊர் ஜன்னல்களில் பாதி என் கையால் பளபளத்தவை. கடைசியில் மூன்று வேன் ஓடியது. கணக்குப்பிள்ளைக்கு ஒரு பென்னி கொடுக்காமல் நாற்பத்திரண்டு வருடம் வரிக்கணக்கு நானே எழுதினேன். ஆகவே ரீஸ் மேபலுக்கான விண்ணப்பத்தை எப்போது போடுவது என்று கேட்டதும், ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன்: "வரி ஆபீசுதானே? ஏப்ரல் அஞ்சு, வரி வருஷம் முடியிற நாள். அங்க எல்லாத்துக்கும் கடைசித் தேதி அதுதான்."

மார்ச் முப்பத்தொன்று பிற்பகல். ரீஸ் செங்குத்தான ஒரு தெருவில் மாடி ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தான். மூலை அழுக்கை எப்படி எடுப்பது என்று கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று பிள்ளைகள் உட்கார்ந்த நீளமான தள்ளுவண்டியை அந்த மேட்டில் ஏற்றிக்கொண்டு லொரெய்ன் வந்தாள். மூச்சு வாங்கியது.

"மேபலோட எண் எங்கடா?"

"அஞ்சாம் தேதிக்குள்ள போட்டுர்றேன், லொரெய்ன்."

"எது, அஞ்சாம் தேதியா? இன்னிக்கு ராத்திரி தாண்டிட்டா கவர்ன்மெண்டு காசு இனி செப்டம்பர்லதான். அதுவரைக்கும் வாரம் நூத்தி எம்பது பவுண்டு யாரு குடுப்பா? உன் வாளியா?"

ரீஸ் ஏணியில் அப்படியே நின்றான். அந்தப் பணம் அவனிடம் இல்லை. அதைக் கொடுக்க முடியாவிட்டால் அவன் மனைவி டாம்சின் முதியோர் இல்ல வேலையை விட்டுக் குழந்தையோடு வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஒரு சம்பளத்தில் அவர்களால் வாடகை கட்ட முடியாது.

"அஞ்சுன்னு எவன் சொன்னான்?"

அவன் என்னைப் பார்த்தான். லொரெய்னும் பார்த்தாள். தள்ளுவண்டியில் இருந்த மூன்றும் பார்த்தன.

"பெரியவரே, உங்களுக்கு ஜன்னல் தெரியும். அதோட நிறுத்திக்குங்க," என்றாள். நாற்பத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

ரீஸ் இறங்கிப் போனை எடுத்தான். ஈர விரலைத் திரை ஏற்கவில்லை. லொரெய்ன் அவன் கட்டைவிரலைப் பிடித்துத் தன் சட்டையில் துடைத்துவிட்டாள். விண்ணப்பம் டாம்சினின் காப்பீட்டு எண்ணைக் கேட்டது. லொரெய்ன் தன் போனில் அவளைக் கூப்பிட்டாள்; வேலையிலிருந்தவள் எடுக்கவில்லை. மூன்றாம் தடவைதான் எடுத்தாள். "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. உன் காப்பீட்டு எண்ண மட்டும் சொல்லு," என்றாள் லொரெய்ன்.

அப்புறம் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சில பேருக்கு உடனே வரும், சில பேருக்கு நாள் கணக்கில் ஆகும் என்று லொரெய்ன் சொன்னாள். உயரமான ஏணியில் கால் வழுக்கிய நாட்களை நான் பார்த்தவன். ஆனால் அந்த வட்டம் சுற்றியபோது, ஆளில்லாத ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எண் வந்தது. பதினோரு இலக்கத்தையும் லொரெய்ன் தன் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள், இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு அந்த வீட்டுக்காரர்களின் மதில்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். பையில் கிடந்த பாதி பிஸ்கட்டை எடுத்து, அது யார் கடித்தது என்றுகூடப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டாள். ரீஸ் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டான். ஜன்னலைத் திறந்த வீட்டுக்காரம்மா, தன் கண்ணாடியில் பாதி இன்னும் சோப்பு நுரையோடு இருப்பதைச் சுட்டிக் காட்டினாள். அதை நான் ஏறித் துடைத்தேன். எழுபத்தொரு வயதில், ஒரு கோடுகூட விழாமல்.

ஏப்ரல் கடைசி வெள்ளி. வாரக் கூலி இனி இல்லையென்பதால் ரீஸ் கையில் காசு தங்கியிருந்தது. லொரெய்ன் தோட்டத்தில் மணல்தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். அங்கே ஒருவன் மற்றவன் காதில் மணலைப் போட யோசித்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பவில்லை. இடது கையை மட்டும் பின்னால் விரித்து நீட்டினாள். ரீஸ் பழைய பாக்கிக்கு இருபது பவுண்டுத் தாள்களை ஒவ்வொன்றாக அதில் வைத்து, முடித்துவிட்டு நகர்ந்தான்.

"இன்னும் ஒண்ணு," என்றாள், மணலைவிட்டுக் கண்ணை எடுக்காமல். கை விரித்தபடியே இருந்தது. ரீஸ் சட்டைப்பையைத் துழாவி, இருபத்தேழாவது தாளை அதில் வைத்தான்.