ஹந்தானை உச்சியில் சூடம்

பௌர்ணமிப் போயா லீவுக்கு ஹந்தானை மலையேறலாம் என்று ஆபீஸில் முடிவானபோதே எனக்கு மனசில்லை. என் மனைவிதான் தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நாவலப்பிட்டிப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள், மலை என்றால் முன்னால் நிற்பாள். சிறுவயதில் குளவி கொட்டி, மூச்சு நின்று பிழைத்தவளும் அவள்தான். இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறையின் அடியில் குளவிக்கூடு தொங்குவதை அவளே காட்டினாள். "சத்தம் போடாம வாங்க," என்றாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக ஏறினோம். மேலே போனதும் எங்கள் ஆபீஸ் பெரிய கிளாக்கர் பையைத் திறந்து சூடத்தை எடுத்தார். மலையேறிவிட்டு ஒரு கல்லில் சூடம் ஏற்றாமல் இறங்குவது எங்கள் ஆட்களுக்கு ஆகாத காரியம்.

"அண்ணே, கூடு கீழதான் இருக்கு," என்றேன்.

"சாமிக்குத்தானே ஏத்துறோம் தம்பி. ஒண்ணும் ஆகாது."

சாமியிடம் கேட்டாரோ, குளவியிடம் கேட்டாரோ தெரியாது. நெருப்பு மானாப்புல்லில் தொற்றியது. பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றினார். ஈரப்புல்லிலிருந்து கிளம்பிய புகையைக் காற்று அப்படியே பாறைக்குக் கீழே தள்ளியது.

குளவிகள் கறுப்பாக எழும்பி வந்தன. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். குளவி வந்தால் ஓடக்கூடாது, முகத்தை மூடிக் குப்புறப் படுக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே என் மனைவிதான். அவளே ஓடினாள், அதுவும் பள்ளத்தைப் பார்த்து.

பின்னலைப் பிடித்து இழுத்தேன். விழுந்தவளைப் புரட்டி, மழைக்கோட்டைப் போர்த்தி, மேலே படுத்து அமுக்கினேன். திமிறினாள். முழங்கையால் என் வாயில் குத்தினாள், மணிக்கட்டைக் கடித்தாள். என் கழுத்திலும் காதிலும் கொட்டிக்கொண்டே இருந்தது. வலியில் எனக்கு வெறி பிடித்தது. பிடரியில் கைவைத்து அவள் முகத்தைத் தரையோடு அழுத்தினேன். கல்லில் பட்டு உதடு கிழிந்தது. மறுபடியும் எழும்பப் பார்த்தாள். முதுகில் ஓங்கிக் குத்தினேன்.

"அசைஞ்சே, கொன்னுருவேன்."

அப்புறம்தான் அடங்கினாள்.

அவளை ஒன்றுகூடக் கொட்டவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் எனக்குத்தான் ஊசிமேல் ஊசி போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கிளாக்கர் முகம் பணியாரமாக வீங்கிக் கிடந்தார். எழும்பிப் போய் இன்னும் ரெண்டு போடவேண்டும் போல ஆத்திரமாக வந்தது, கால் தரையில் நிற்கவில்லை.

மனைவி கதிரையை இழுத்து என் அருகில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் தையல். "நீங்க இல்லேன்னா செத்திருப்பேன்," என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் தலைமுடியில் காய்ந்த புல் ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

கையை மெதுவாக எடுத்து, போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.