தங்கைக்காக நிறுத்திய பியானோ

என் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்தான். தெரிந்தே கெடுத்தேன். மேடையில் மாதங்கி தடுமாறியதைப் பார்த்து நீங்கள் ‘ஐயோ பாவம்’ என்றீர்களே... அது நான் செய்த வேலை!

ஓர் அமெரிக்கர் எழுதிய புதிய பியானோ கன்செர்ட்டோ அது; ஒரு பியானோவும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது. மொன்றியலில்தான் முதல் அரங்கேற்றம். பியானோ வாசிக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே தேர்வுக்கு நானும் போயிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது ஒத்திகைத் துணை வேலைதான். அதே நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், இசைக்குழு வாசிக்க வேண்டியதையெல்லாம் இரண்டாவது பியானோவில் நான் வாசிப்பேன். முதலாவதில் அவள் பழகுவாள்.

ஒருநாள் இசையமைப்பாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தகப்பன் இரும்பாலை இயந்திரமொன்றில் கையை இழந்தவராம். அந்த இயந்திரம் அவருக்காக நிற்கவில்லை. தன் இசைக்குழுவும் நிற்காது என்றார். இரண்டாம் பகுதியில் பியானோ பிந்தினாலும் தாளம் போய்க்கொண்டே இருக்குமாம். இதைத் தங்கையிடம் கட்டாயம் சொல்லச் சொன்னார்.

நான் சொல்லவில்லை.

அந்த இடத்தில்தான் அவள் எப்போதும் பிந்துவாள். ஒவ்வொரு முறையும் நான் வாசிப்பதை நிறுத்திக் காத்திருந்தேன்.

“பிந்திறனோ அக்கா?”

“இல்லையடி, வடிவாயிருக்கு. ஆறுதலா வாசி. இசைக்குழுக்காரரும் உனக்காக நிப்பினம்.”

எவ்வளவு அன்பான அக்கா, பார்த்தீர்களா!

இசைக்குழுவோடு ஒரேயொரு ஒத்திகைதான் கிடைத்தது. நடத்துனர் அவள்மேல் எரிந்து விழுந்தார். “அமெரிக்கன் கடைசியில மாத்திப்போட்டான் போல” என்று நானும் கூடப் பதறினேன். நடிப்பு! மாதக்கணக்கில் பழகிய கை ஒரே நாளில் திருந்துமா?

அரங்கேற்றத்தில் அந்த இடம் வந்தது. அவள் பிந்தினாள். இசைக்குழு போய்க்கொண்டே இருந்தது. எங்கே சேர்வதென்று தெரியாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்... நான் முன்வரிசையில் இருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆம், சந்தோஷம்! வேறு சொல் போட்டு உங்களை ஏமாற்ற மாட்டேன்.

அதன்பிறகு அவள் பியானோவைத் தொடவில்லை. மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறாள். மேடைகளுக்கு இப்போது என்னை அழைக்கிறார்கள்.

சொல்லிவிட எத்தனை முறை வாயெடுத்திருப்பேன்! போன கிழமைகூட... அவள் முந்திக்கொண்டாள்.

“அண்டைக்கு ஒருத்தரும் எனக்காக நிக்கேல்லை. பழகேக்க நீங்கள் ஒராள்தான் அக்கா நிண்டனீங்கள்.”

“ஓம்” என்று அவள் தலையைத் தடவினேன். கை கூசவேயில்லை.