ரிப்பன் கழற்றிய பிரிண்டர்

லாரி கம்பெனி அலுவலகத்தில் அவனை எல்லோரும் ‘எஸ்கேப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்குச் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அவன் எழுதிய புரோகிராமில் எந்தக் கட்டளையும் எஸ்கேப் என்ற குறியீட்டில்தான் தொடங்கும். எழுத்தைச் சுருக்கு, தடிமனாக்கு, தாளை இம்மியளவு நகர்த்து, எதற்கும் முன்னால் அது. மற்றபடி அந்த ஆள் எதிலிருந்தும் தப்பித்ததாகச் சரித்திரம் இல்லை.

அவனுக்கு ஒரே அக்கா, கணக்கு டீச்சர். காய்ச்சலில் படுத்தவள் எழுந்தபோது இரண்டு கண்ணிலும் பார்வை போயிருந்தது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அழுது ஓய்ந்தபின் பல்லைக் கடித்துக்கொண்டு, மேடான புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கற்றாள். தலைமையாசிரியையோ, “ஸ்கூல் திறக்குறப்போ பாடத்தைப் படிச்சு நடத்த முடியும்னா வாங்க. இல்லன்னா வேற ஆள் போட்டுத்தான் ஆகணும்” என்று சொல்லிவிட்டார். பிரெயிலில் கணக்குப் புத்தகம் எங்கு கேட்டாலும், வந்தால் சொல்கிறோம் என்றார்கள்.

“வீட்ல உக்காந்து சுவத்தைத் தடவிக்கிட்டு இருக்கவா?” என்று அக்கா கேட்டாள். அன்று முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. கார்பன் வைத்த மூன்று பிரதிக்கும் சேர்த்து ஓங்கிக் குத்துகிற பிரிண்டர் ஊசி, அட்டையில் மேடு எழுப்பாதா?

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பிரிண்டரின் மை ரிப்பனைக் கழற்றினான். சைக்கிள் டியூபை வெட்டி உருளையில் சுற்றினான். எழுத்தாக அனுப்பாமல் புள்ளி புள்ளியாக அனுப்பி, அட்டையை நகர்த்தாமல் அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தச் சொன்னான். முதல் அட்டை கிழிந்தது. அடுத்ததில் மேடே இல்லை. சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே வீடு திரும்பிய நாள்கள் பல.

ஒருவழியாக ஓர் அட்டை தேறியது. அக்கா தடவினாள். நெற்றி சுருங்கியது.

“என்னடா இது, அஞ்செல்லாம் ஒம்பதா இருக்கு, நாலெல்லாம் ஆறா இருக்கு. இதைச் சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க என்னைத் துரத்தி அடிக்கும்.”

ஊசி குத்துவது ஒரு பக்கம், விரல் தடவுவது மறுபக்கம். அதற்காக வரியை வலமிருந்து இடமாகத் திருப்பிப் போட்டவன், ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் புள்ளிகளை இடம் வலமாக மாற்ற மறந்துபோயிருந்தான்.

அதைச் சரிசெய்த மறுநாளே ஓர் ஊசி ஒடிந்தது. சரக்குச் சீட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு ஓடியது. மேனேஜர் சீட்டையும் டியூபையும் மாறி மாறிப் பார்த்தார்.

“லோடு ஏத்தி நிக்கிற லாரிக்கு என்னத்தைய்யா கொடுத்து அனுப்புறது?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். மேனேஜர் டியூபை அவன் கையில் கொடுத்தார்.

“இதை இனிமே தொடாத. ஸ்டோர்ல ஒரு செத்த பிரிண்டர் கிடக்கு, தூக்கிட்டுப் போ. அதுல பாதி ஊசி இருக்காது.”

“ஒரு ஊசி உசுரோட இருந்தா போதும் சார்.”

ஒற்றை ஊசியால் ஒரு வரிசைப் புள்ளி குத்தி, அட்டையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அடுத்த வரிசை. ஒரு பக்கம் முடிவதற்குள் ஊசிமுனை கொதித்துவிடும், ஆறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய இடி வேறு. அக்கா இரண்டு தடவை தடவினால் மேடு அமுங்கிப் போனது. அமுங்குவதற்குள் மனப்பாடம் செய்தாக வேண்டும். விரல்நுனித் தோல் உரிய, உதடு முணுமுணுக்க, அவள் இரவும் பகலும் அதையே செய்தாள்.

பள்ளி திறந்த அன்று, அமுங்கிப்போன அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் நின்றாள். பாடத்தை மனப்பாடமாகவே நடத்தினாள், குரல் நடுங்கவில்லை. வாசலில் நின்று கேட்ட தலைமையாசிரியை, “புத்தகம் வர்ற வரைக்கும் இப்படியே நடத்துங்க” என்றார்.

புத்தகம் இன்னும் வந்தபாடில்லை. வேலை முடிந்து வந்ததும் அவன் அடுத்த பாடத்தைக் குத்தத் தொடங்குகிறான். பிரிண்டர் சூடேறி நிற்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து அக்கா கேட்கிறாள்.

“ஆறிடுச்சா?”

“இன்னும் இல்லக்கா.”